அத்தியாயம் 9: பேய் நாடகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது

பள்ளிப் பயணங்களில் நாடகப் பயணம் தனி ரகம். அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் சளசளவென்று பேசினால் காவலாளி ஒரு முறை முறைப்பார், அத்தோடு போயிற்று. கோதிக் நாடகத்தில் மேல்மாடியில் யாரோ ஒரு கிரிஸ்ப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால், மேடையில் இருப்பவர்கள் அரை மணி நேரம் பாடுபட்டுக் கட்டியதெல்லாம் அங்கேயே சரிந்துவிடும். பாழடைந்த வீடு, பூட்டிய அறை, விலகாத மூடுபனி, என்றைக்கோ நடந்த ஓர் அநியாயம் இன்றைக்குக் கணக்குக் கேட்டு வருவது என்று 1764இல் ஹொரஸ் வால்போல் எழுதிய ‘ஒட்ராண்டோ கோட்டை’ தொட்டு இந்த வகைக் கதைகளின் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சினிமா இதைக் கண்ணுக்குக் காட்டுகிறது. மேடை பெரும்பாலும் காதுக்குத்தான் கொடுக்கிறது.

ஆகவே டிக்கெட் எடுப்பதிலிருந்து மதியச் சாப்பாடு வரை இந்த அத்தியாயத்தில் வரும் யோசனைகள் எல்லாமே ஒரே காரியத்துக்காக. ஐம்பது அறுபது பிள்ளைகள் இருட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அந்நியமான ஆங்கில நடையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பயமுறுத்துவது நடிகர்களின் வேலை. அதில் நாம் கைவைக்க வேண்டாம்.

எந்த நாடகம்

பிரிட்டனில் கோதிக் நாடகத்துக்குப் பஞ்சமே கிடையாது. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, ‘டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்’ இரண்டும் ஜி.சி.எஸ்.இ ஆங்கில இலக்கியத்தில் ஏ.க்யூ.ஏ வாரியத்தின் 19ஆம் நூற்றாண்டு நாவல் பட்டியலில் இருப்பவை. அதனால் அவற்றை மேடையேற்றி ஊர் ஊராகச் சுற்றும் குழுக்களுக்குப் பள்ளிக்கூடங்களே நல்ல வாடிக்கை. விளம்பரத்தில் ‘பாடத்திட்டத்துக்கு ஏற்றது’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி முன்பதிவு செய்துவிடாதீர்கள். தேர்வுக் குறிப்புகளை வசனமாக்கி ஒப்பிக்கும் நாடகங்களும் இந்த வகையில் உண்டு. அதைவிட வகுப்பிலேயே நாவலைச் சத்தமாக வாசிக்கலாம், காசாவது மிஞ்சும்.

இந்த அத்தியாயத்துக்கு உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது ‘கறுப்பு உடைப் பெண்’, அதாவது ‘தி வுமன் இன் பிளாக்’. சூசன் ஹில் 1983இல் எழுதிய சிறு நாவல் அது. அவருடைய சொந்த ஊரான ஸ்கார்பரோவில் இருக்கும் ஸ்டீபன் ஜோசப் தியேட்டரில் 1987 டிசம்பரில் அது நாடகமாயிற்று. எழுதியவர் ஸ்டீபன் மலாட்ராட், இயக்கியவர் ராபின் ஹெர்ஃபோர்ட். அந்த ஆண்டுப் பட்ஜெட்டில் மிஞ்சியிருந்த கொஞ்சக் காசில், கிறிஸ்துமஸ் சமயத்துக்கு ஒரு பேய்க்கதை வேண்டும், நடிகர்கள் அதிகம் இருக்கக் கூடாது என்றுதான் கேட்டார்கள். நாவலில் பேசும் பாத்திரங்கள் அத்தனைக்கும் சேர்த்து இரண்டே நடிகர்களை வைத்து மலாட்ராட் முடித்துக் கொடுத்தார். 1989 ஜூனில் லண்டன் ஃபார்ச்சூன் தியேட்டருக்கு வந்த நாடகம் 2023 மார்ச் 4 அன்றுதான் அங்கிருந்து இறங்கியது. மொத்தம் 13,232 காட்சிகள். அதற்குப் பிறகும் ஊர் ஊராகச் சுற்றிவந்திருக்கிறது. உங்கள் ஊருக்கு வந்தால் விடாதீர்கள்.

காசில்லாமல் பிறந்த நாடகம் என்பதுதான் பிள்ளைகளுக்கு இதை நல்ல பாடமாக்குகிறது. மேடையில் பெரிதாக எதுவும் கிடையாது. உடைகள் போட்டு வைக்கும் ஒரு பெரிய பிரம்புப் பெட்டி, சில நாற்காலிகள், பின்னால் ஒரு மெல்லிய திரை, ஒரு கதவு. அந்தப் பெட்டியே ரயில் பெட்டி, அதுவே மேசை, அதுவே கட்டில். இரண்டு பேர் அதன்மேல் ஏறி உட்கார்ந்து உடம்பை ஒரே தாளத்தில் குலுக்குகிறார்கள். குளம்புச் சத்தம் ஒலிபெருக்கியில் வருகிறது. ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தது போல விரலை மடக்கியிருக்கிறார், மற்றவர் தொப்பியைக் காற்று பறித்துவிடாமல் அமுக்குகிறார். அரை நிமிடத்துக்குள் அது குதிரை வண்டியாகி, சதுப்பு நிலத்தின் நடுவே கடல் ஏறினால் மூழ்கிவிடும் மண்பாதையில் போகத் தொடங்கிவிடுகிறது. கதையில் ஸ்பைடர் என்று ஒரு நாய் வருகிறது. மேடையில் நாய் கிடையாது. நடிகர் குனிந்து வெறும் காற்றைத் தடவிக் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் அந்த நாய்க்கு ஏதும் ஆகிவிடுமோ என்று உங்கள் பத்தாம் ஆண்டுப் பையன்கள் பதறுவார்கள்.

டேனியல் ராட்கிளிஃப் நடித்து 2012இல் வந்த படத்தை முன்கூட்டியே வகுப்பில் போட்டுக் காட்டாதீர்கள். கதைப்போக்கும் வேறு, பயமுறுத்தும் முறையும் வேறு. படம் பார்த்துவிட்டு வரும் பிள்ளை மேடையில் இல்லாததையெல்லாம் தேடிக்கொண்டிருக்கும்.

ஒன்று கட்டாயம். பயணத்துக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர் நாடகத்தை முன்பே பார்த்திருக்க வேண்டும், முடியாவிட்டால் அச்சில் கிடைக்கும் நாடகப் பிரதியையாவது கடைசிப் பக்கம் வரை வாசித்திருக்க வேண்டும். இந்தக் கதையின் உயிர்நாடி பேய் இல்லை, பிள்ளையைப் பறிகொடுத்த தாய். குழந்தைகளின் சாவு திரும்பத் திரும்ப வருகிறது. அண்மையில் தம்பியை, தங்கையை, பெற்றவரை இழந்த பிள்ளை உங்கள் பட்டியலில் இருக்கக்கூடும். டிக்கெட் எண்ணிக்கையைக் கொடுக்கும் முன் வகுப்பாசிரியரிடமும் மாணவர் நலப் பொறுப்பாளரிடமும் பட்டியலைக் காட்டுங்கள். அப்படி ஒரு பிள்ளை இருந்தால் நீங்களாகப் பெயரை அடித்துவிட வேண்டாம். கதையில் என்ன வருகிறது என்பதைத் தனியாகச் சொல்லி, வருவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையும் வீட்டாரும் முடிவு செய்யட்டும்.

கடிதமும் காசும்

பெற்றோருக்குப் போகும் கடிதத்தில் நாடகத்தின் பெயர், இடம், புறப்படும் நேரம், திரும்பும் நேரம் என்ற வழக்கமான சங்கதிகளோடு இரண்டு விஷயங்களை ஒளிக்காமல் எழுதுங்கள். திடீரென்று பெருஞ்சத்தம், முழு இருட்டு, புகை, வெட்டி வெட்டி வரும் வெளிச்சம் ஆகியவை இருக்கலாம் என்பது ஒன்று. வலிப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்காக இதை முன்பே அரங்கத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். கதை பேயையும் சாவையும் பற்றியது என்பது இன்னொன்று.

எழுதினால் கேள்விகள் வரும், வரட்டும். சமயக் காரணம் சொல்லி மறுக்கும் வீடுகள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. நம்மவர்கள் வேறு மாதிரிக் கேட்பார்கள். “ஏன் டீச்சர், பிள்ளையளுக்குக் காட்ட வேறை நாடகமே கிடைக்கேல்லையோ? ராத்திரியிலை எழும்பி அழுதால் ஆர் பாக்கிறது?” என்று ஓர் அம்மா வாசலிலேயே மறித்துக் கேட்டார். பாடத்திட்டத்தைக் காட்டிப் பேசுவதில் பயனில்லை. “அக்கா, சின்னனிலை உங்கடை அம்மம்மா பேய்க்கதை சொல்லேல்லையோ?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, அம்மம்மா சொன்ன கதையை அங்கேயே நின்று சொல்லத் தொடங்கிவிட்டார். கையெழுத்து மறுநாள் வந்தது. எல்லாரிடமும் இது பலிக்காது. மறுத்தவர்களை இரண்டாம் முறை வற்புறுத்தாதீர்கள். வராத பிள்ளைக்கு அன்றைக்குச் செய்ய உருப்படியான வேலை ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள்.

காசு விஷயத்தில் கவனம் தேவை. இங்கிலாந்தில் அரசு நிதியில் இயங்கும் பள்ளிகள் பள்ளி நேரத்தில் நடத்தும் கல்விப் பயணத்துக்குக் கட்டணம் என்று வசூலிக்க முடியாது. விருப்ப நன்கொடை கேட்கலாம். கொடுக்காத வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகக் கூடாது. போதுமான தொகை சேரவில்லை என்றால் பயணமே நடக்காது என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். மாலைக் காட்சி என்றால் விதி கொஞ்சம் மாறும், அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இலவச உணவு பெறும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சமையலறையிலிருந்து பொதி கட்டித் தருவார்கள், முன்பே சொல்லி வைத்தால்.

எங்கே உட்காருவது

குழுவாக எடுத்தால் பெரும்பாலான அரங்குகள் விலையைக் குறைக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கைப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் டிக்கெட் இலவசம் என்ற சலுகையும் பல இடங்களில் உண்டு. ஆனால் குழு டிக்கெட் என்றாலே உச்சி மாடியில் தள்ளிவிடும் வழக்கமும் உண்டு. அங்கிருந்து பார்த்தால் நடிகரின் உச்சந்தலைதான் தெரியும். முகம் தெரியாவிட்டால் பேச்சும் பாதிதான் புரியும், ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத பிள்ளைக்கு இன்னும் மோசம். உதட்டைப் பார்த்துத்தான் நாம் எல்லோருமே பாதி கேட்கிறோம்.

கீழ்த்தளத்து ஸ்டால்ஸ் பகுதியின் பின்பாதி, இல்லாவிட்டால் முதல் மாடியான சர்க்கிளின் முன் வரிசைகள், இவைதான் பள்ளிக் குழுவுக்குச் சரி. முதல் வரிசை வேண்டவே வேண்டாம். முதல் வரிசைப் பிள்ளை நடிகரைப் பார்க்காது, பின்னால் திரும்பி நண்பர்களின் முகத்தைத்தான் பார்க்கும். ஐம்பது பேரையும் ஒரே கட்டியாக உட்கார வைக்காமல் நான்கைந்து வரிசைகளில் பரப்புங்கள். ஒவ்வொரு வரிசையின் இரு முனையிலும் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். அலறல் தொற்று நோய். ஒரு பிள்ளை அலறினால் அடுத்தது அலறும், அது பரவாயில்லை, நாடகக்காரர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அலறியதைப் பார்த்துச் சிரிப்பது தொடங்கினால்தான் ஆபத்து. வரிசை முனையில் இருக்கும் பெரியவர் அந்தச் சிரிப்பு பக்கத்து வரிசைக்குப் போகாமல் நிறுத்தலாம்.

முனை இருக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த நாடகத்தில் பேய் எப்போதும் மேடையோடு நின்றுகொள்வதில்லை. லண்டன் அரங்கில் பார்வையாளர் நடைபாதையிலும் நடந்து போனாள். எந்தப் பிள்ளைக்கு அருகே அவள் போக வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிப்பது நல்லது.

வகுப்பில் முன்தயாரிப்பு

எல்லா ஆசிரியர்களும் செய்வது கதைச் சுருக்கத்தை நகல் எடுத்துக் கொடுப்பது. செய்யாதீர்கள். முடிவு தெரிந்த பிள்ளைக்குக் கேட்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. நான் சொல்வது பாதி கதை மட்டும். ஆர்தர் கிப்ஸ் என்ற இளம் சொலிசிட்டர், இறந்துபோன திருமதி டிராப்ளோவின் காகிதங்களைச் சரிபார்க்க ஒரு தனித்த வீட்டுக்குப் போகிறார். கடல் ஏறும்போது அந்த வீட்டுக்கு வழி அடைந்துவிடும். ஊரில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். அவ்வளவு போதும்.

அதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது நாடகம் எப்படித் தொடங்குகிறது என்பதை. திரை விலகியதும் பேய் வராது. வயதான கிப்ஸ் கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வெறும் மேடைக்கு வந்து, தன் கதையை உயிரே இல்லாமல் வாசிப்பார். அதைக் கேட்கச் சகிக்காமல் இளம் நடிகர் ஒருவர் குறுக்கிட்டு, இப்படி வாசித்தால் யார் கேட்பார்கள் என்று பாடம் நடத்துவார். வேண்டுமென்றே மந்தமாக, கொஞ்சம் சிரிப்பாக வைத்திருக்கும் பகுதி அது. இது முன்பே தெரியாத பிள்ளைகள், நாடகமே இப்படித்தான் போலிருக்கிறது என்று முதல் பத்து நிமிடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். பிறகு அந்த இளைஞர் கிப்ஸாக நடிக்கிறார், உண்மையான கிப்ஸ் மற்ற எல்லாராகவும் நடிக்கிறார். வண்டிக்காரர், நில உடைமைக்காரர், அலுவலகக் குமாஸ்தா எல்லாம் ஒரே மனிதர், கோட்டும் தொப்பியும் குரலும்தான் மாறும். இந்த ஏற்பாட்டை ஐந்து நிமிடம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினால், அன்றைக்கு “மிஸ், இப்ப இவர் யார்?” என்ற கிசுகிசுப்பு பாதியாகக் குறையும்.

அடுத்தது காதுக்குப் பயிற்சி. நாவலில் கிப்ஸ் மூடுபனியில் வழி தெரியாமல் நிற்கும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பு விளக்கை அணைத்து, திரைச்சீலையை இழுத்து, நீங்களே சத்தமாக வாசியுங்கள். பிள்ளைகளிடம் புத்தகம் இருக்கக் கூடாது. வாசித்து முடித்ததும் என்னென்ன சத்தம் கேட்டது என்று மட்டும் கேளுங்கள். அர்த்தம் கேட்க வேண்டாம். முதல் முறை குதிரை என்பார்கள், இரண்டாம் முறை சக்கரம், சேறு, குழந்தையின் குரல் என்று பட்டியல் நீளும். நீண்ட வாக்கியங்கள் வந்து மோதும்போது எழுவாயைத் தேடிக்கொண்டு நிற்காமல் கூடவே போகும் பழக்கம் இதில்தான் வரும். அரங்கில் ஒரு வசனத்தைத் தவறவிட்ட பிள்ளை அதையே நினைத்துக்கொண்டு அடுத்த மூன்றையும் தவறவிடும். போனது போகட்டும், அடுத்ததைப் பிடி என்பதைச் சொல்லிக் கொடுத்தால் வராது, இப்படிச் செய்து பார்த்தால்தான் வரும்.

தொழில்நுட்பத்துக்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். சன்னலுக்குப் போடும் பழைய வலைத் திரைச்சீலை ஒன்றும் இரண்டு டார்ச் விளக்குகளும் போதும். திரையை இரண்டு பேர் பிடிக்கட்டும், பின்னால் ஒரு பெண் பிள்ளை நிற்கட்டும். முன்னாலிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்தால் திரை சுவர் போல இருக்கும், ஆள் தெரியாது. முன் விளக்கை அணைத்துப் பின்னால் இருப்பவள்மேல் வெளிச்சம் போட்டால் அவள் வெறும் வெளியிலிருந்து தோன்றுவாள். மேடையில் இருக்கும் மெல்லிய திரையின் சூட்சுமம் இதுதான். ரகசியம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடாதா என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. போகாது. எப்படி என்று தெரிந்த பிள்ளை எப்போது என்று காத்திருக்கும், அது இன்னும் பொல்லாத பயம்.

இதோடு சேர்த்துப் பெப்பரின் பேயையும் சொல்லிவிடலாம். 1862 கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, லண்டன் ரீஜென்ட் வீதியில் இருந்த ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர், பார்வையாளர் கண்ணுக்குப் படாத பெரிய கண்ணாடி ஒன்றைச் சாய்வாக நிறுத்தி, மறைவான இடத்தில் இருந்த ஆளின் பிம்பத்தை மேடையில் ‘பேயாக’ நடமாட விட்டார். எடுத்துக்கொண்ட கதை டிக்கன்ஸுடையது. இயற்பியல் ஆசிரியரை ஒரு வகுப்புக்குக் கூட்டி வந்தால் அவருக்கும் சந்தோஷம், உங்கள் பயணத்துக்குத் துணை ஆள் ஒருவரும் கிடைப்பார்.

போகிற வழி

லண்டனில் வெஸ்ட் எண்ட் பக்கம் எந்தக் கோதிக் நாடகத்துக்குப் போனாலும், ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்து வெலிங்டன் வீதி லைசியம் தியேட்டருக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்துங்கள். இப்போது அங்கே ‘தி லயன் கிங்’ இசை நாடகம் பல ஆண்டுகளாக ஓடுகிறது, அதன் விளம்பரத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். பரவாயில்லை. இந்த அரங்குக்குப் பக்கத்திலேயே, தீப்பிடித்து எரிவதற்கு முன் இருந்த பழைய கட்டடத்தில், 1823இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ முதன்முதலாக நாடகமானது. அந்த ஆகஸ்டில் நாவலை எழுதிய மேரி ஷெல்லி தன் தந்தையோடு வந்து பார்த்தார். நடிகர் பட்டியலில் ஃபிராங்கன்ஸ்டைன் உண்டாக்கும் பிராணியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு மட்டும் போட்டிருந்தார்கள், அது அவருக்குப் பிடித்திருந்தது. நாவலில் அத்தனை அழகாகப் பேசும் அந்தப் பிராணி நாடகத்தில் ஊமை. நாவல் மேடையேறும்போது எதை இழக்கிறது, எதைப் பெறுகிறது என்று கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அதே லைசியத்தில்தான் பிராம் ஸ்டோக்கர் நடிகர் ஹென்றி இர்விங்கிடம் 1878 முதல் மேலாளராக இருந்தார். டிக்கெட் கணக்கும் சுற்றுப்பயண ஏற்பாடும் பார்த்துக்கொண்டே ‘டிராகுலா’ எழுதினார். 1897 மே 18 அன்று, புத்தகம் வெளிவரச் சில நாள் முன்னால், நாடக உரிமை கைவிட்டுப் போகாமலிருக்க அதை இங்கே மேடையில் வாசிக்க வைத்தார். 1888இல் ரிச்சர்ட் மான்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்க நடிகர் ஜெக்கிலாகவும் ஹைடாகவும் மாறி மாறி நடித்ததும் இங்கேதான். ஊரில் ஜாக் தி ரிப்பர் கொலைகள் நடந்த அதே மாதங்கள். இவ்வளவையும் வீதியில் நின்றுகொண்டு உரையாற்ற வேண்டாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு துண்டுச் சீட்டில் ஒரு சங்கதி கொடுத்து, அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள், நடைபாதை குறுகல்.

ரயில் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வரைபடத்தைப் பார்த்துக் கோவென்ட் கார்டன் நிலையத்தில் இறங்கிவிடாதீர்கள். மேலே வர லிஃப்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும், படியேறினால் 193 படி. குழு இரண்டாகப் பிரிந்துவிடும், தலையெண்ணிக்கை தப்பிவிடும். ஹோல்பார்னில் இறங்கி நடந்தால் நேரம் கூடுதலாகாது. வழியில் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் பூங்கா இருக்கிறது, புல்தரையில் உட்கார்ந்து சாப்பாட்டை முடிக்கலாம். சுற்றிலும் வக்கீல் அலுவலகங்கள். நம் கிப்ஸ் மாதிரி ஆட்கள் கோப்புக் கட்டோடு போய்க்கொண்டிருப்பார்கள், காட்டிவிடுங்கள். லண்டன் பள்ளிகளுக்கு நெரிசல் இல்லாத நேரத்தில் இலவசமாகப் பயணம் செய்ய லண்டன் போக்குவரத்துத் துறையின் திட்டம் உண்டு. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பகல் காட்சி முடிந்து திரும்பும்போது மாலை நெரிசல் தொடங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். லண்டனுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குக் கோச் வாடகைக்கு எடுப்பதுதான் நிம்மதி.

சாப்பாட்டைப் பூங்காவிலேயே முடித்துவிடச் சொல்வது சும்மா இல்லை. அரங்குக்குள் ஒரு பொட்டலம்கூடப் போகக் கூடாது. வாசலில் பைகளைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே வராதபடி, மிச்சத்தையெல்லாம் வாங்கி ஓர் ஆசிரியர் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே போன பிறகு

காட்சிக்கு இருபது நிமிடம் முன்னதாக எல்லோரும் கழிப்பறைக்குப் போய் வரட்டும். பழைய லண்டன் அரங்குகளில் கழிப்பறைகள் சொற்பம், படிகள் செங்குத்து. ஃபார்ச்சூன் மாதிரி 432 இருக்கை கொண்ட சிறிய அரங்கிலேயே இடைவேளையில் வரிசை படிக்கட்டு வரை வந்துவிடும். கைப்பேசியை அதிர்வில் வைப்பது போதாது, அணைக்க வேண்டும். சட்டைப்பையில் ஒளிரும் திரை இருட்டில் பத்து வரிசைக்குத் தெரியும்.

நாடகம் நடக்கும்போது குறிப்பெடுக்க விடாதீர்கள். சில பள்ளிகள் ஒளிரும் பேனா வாங்கிக் கொடுத்துக்கூட எழுத வைக்கிறார்கள். எழுதும் பிள்ளை தலை குனிந்திருக்கும், இந்த நாடகத்தில் தலை குனிந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. இடைவேளையில் ஐஸ்கிரீம் வாங்கித் தின்பது இங்கே ஒரு சடங்கு, அதைத் தடுக்காதீர்கள், ஆனால் வாங்கி முடித்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். நீ முதலில் பயந்தது எந்த இடத்தில்? அதற்குச் சற்று முன் மேடையில் சத்தம் இருந்ததா, இல்லையா? பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். இரண்டாம் பாதிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு திரும்புவார்கள்.

உண்மையாகவே பயந்துவிட்ட பிள்ளையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று புதிதாக வரும் துணை ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அலறும் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது. கையால் காதைப் பொத்திக்கொண்டு மேடையைப் பார்க்காமல் தரையைப் பார்த்திருக்கும் பிள்ளையிடம் போங்கள். “வெளியே போய்க் கொஞ்சம் தண்ணீர் குடிச்சிட்டு வருவமா?” என்று கேட்டுக் கூட்டிப் போங்கள், மற்றவர்கள் பார்க்காதபடி. திரும்பி வருவதா என்பது பிள்ளையின் இஷ்டம். கூட்டமும் பெருஞ்சத்தமும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்காக, விளக்கை முழுதாக அணைக்காமல், ஒலியைத் தணித்து நடத்தும் காட்சிகளைப் பல அரங்குகள் வைக்கின்றன. வசனத்தைப் பலகையில் எழுத்தாகக் காட்டும் காட்சிகளும் உண்டு. பின்னது காது கேளாதவர்களுக்கென்று ஏற்பட்டது, ஆனால் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகள் நிறைய இருக்கும் வகுப்புக்கும் அதையே தேடிப் பிடித்து முன்பதிவு செய்வேன்.

திரும்பும் வழியும் மறுநாளும்

திரும்பும் வண்டியில் ஒவ்வொருவரும் ஒரு தாளில் மூன்று கணங்களை மட்டும் எழுதட்டும். நடிகர் எங்கே நின்றார், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, என்ன சத்தம் கேட்டது, அரங்கு என்ன செய்தது. மறுநாள் கேட்டால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். ஜி.சி.எஸ்.இ நாடகப் பாடம் எடுப்பவர்கள் நேரில் பார்த்த நிகழ்ச்சி ஒன்றைப் பற்றித் தேர்வில் எழுத வேண்டும். எடெக்ஸல் வாரியத்தில் 500 சொல்லுக்கு மிகாத குறிப்புகளைத் தேர்வறைக்குக் கொண்டுபோகலாம், ஏ.க்யூ.ஏ வாரியத்தில் கொண்டுபோக முடியாது. உங்கள் பள்ளி எந்த வாரியம் என்பதைப் பார்த்து அதற்கேற்பத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

பயமாக இருந்தது என்று எழுதினால் மதிப்பெண் வராது என்பதை மறுநாள் வகுப்பில் விளக்க வேண்டியிருக்கும். பூட்டியிருந்த கதவின் மேல் மட்டும் ஒடுங்கிய வெளிச்சம் விழுந்தது, மற்ற மேடை இருட்டு, சீரான தாளத்தில் ஏதோ தட்டும் சத்தம், நடிகர் மூச்சு விடுவதை நிறுத்தினார், நாங்களும் நிறுத்தினோம் என்று எழுதினால் வரும். முதல் வரைவுகளில் பாதிப் பேர் கதையைத்தான் திரும்பச் சொல்லியிருப்பார்கள். சிவப்பு மையால் அடிக்க வேண்டாம். கதை வரும் வரிகளின் கீழே பென்சிலால் கோடு போட்டுத் திருப்பிக் கொடுங்கள், அந்த வரிகளுக்குப் பதிலாகக் கண்டதையும் கேட்டதையும் எழுதி வரட்டும்.

ஓரிரு வீடுகளிலிருந்து பிள்ளை தூங்கவில்லை என்று தொலைபேசி வரலாம். கடிதத்தில் எல்லாம் எழுதியிருந்தோமே என்று வாதாடாதீர்கள். நாயும் இல்லை, குதிரையும் இல்லை, எல்லாம் ஒரு பிரம்புப் பெட்டிதான் என்று பிள்ளையையே வீட்டாருக்கு நடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு மேலும் தூக்கம் கெட்டால் மாணவர் நலப் பொறுப்பாளரிடம் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள்.